அம்மா ஒட்டுக்கேட்கிறாள்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. எங்கள் ஊர் ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், காலை பத்து மணி இருக்கும். அம்மா அடுப்பங்கரையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் சாய்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. அவை என்றைக்குத்தான் கத்தவில்லை? ஆறேழு பேராகவே திரியும், தரையில் குதித்துக் குதித்துச் சருகைக் கிளறும், ஒன்று வாயைத் திறந்தால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும், பங்காளிச் சண்டை மாதிரி எதற்கு ஆரம்பித்தது என்றும் தெரியாது, எப்படி முடிந்தது என்றும் தெரியாது. அதனால் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தும் விழாத மாதிரிதான். அம்மா துடுப்பை நிறுத்தவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. "டேய், வெறகு அடுக்கி வெச்சிகீற எடத்துல பாம்பு கீது. குஞ்சுங்கள இந்தப் பக்கம் வெரட்டி வுடு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். முருங்கைக் கிளையில் தவிட்டுக்குருவிகள் வரிசையாக உட்கார்ந்து, எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டி, இறக்கையை லேசாகத் தொங்கவிட்டுக் கத்திக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ இரண்டு மைனாக்கள் வந்து சேர்ந்திருந்தன. அணில் ஒன்று அடிமரத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு கிச் கிச் என்றது, ஒவ்வொரு கிச்சுக்கும் வாலை ஒரு வெட்டு வெட்டியது. தாய்க்கோழி குஞ்சுகளைத் திரட்டிக்கொண்டு ஏற்கெனவே மாட்டுக்கொட்டாய் ஓரம் போய்விட்டிருந்ததால் எனக்கு விரட்ட ஒன்றும் மிச்சமில்லை. விறகுச் சந்தில் ஒரு முழ நீளத்துக்கு வால் மட்டும் தெரிந்தது. சாரைதான். எலி தேடி வந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வேலி வழியாக அதுவாகவே போய்விட்டது, அது போன பிறகும் தவிட்டுக்குருவிகள் வேலி வரைக்கும் கூடவே தத்திப் போய்த் திட்டிவிட்டுத்தான் ஓய்ந்தன.

வேலூர் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு இதே யோசனை. அந்தக் குருவி யாரிடம் சொன்னது? தன் கூட்டத்திடம். மைனாவைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, அணிலுக்குச் சொல்லவில்லை, கோழிக்குச் சொல்லவில்லை, களி கிண்டிக்கொண்டிருந்த என் அம்மாவுக்குச் சொல்லவே இல்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது. விலங்குகள் பேசிக்கொள்கின்றனவா, அதை மொழி என்று சொல்லலாமா, இலக்கணம் இருக்கிறதா என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், நானும் விடாமல் படிக்கிறவன்தான். எனக்கென்னவோ அதில் பாதிக் கதை விட்டுப்போவதாகத் தோன்றுகிறது. பேசுகிறவனைப் பற்றித்தான் பேச்சு. காட்டிலும் தோட்டத்திலும் நடப்பதில் பெரும்பங்கு ஒட்டுக்கேட்பதுதான் என்று நான் நினைக்கிறேன். சின்ன வயசில் பெரியவர்கள் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்டதற்கு ஆயாவிடம் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. ஆயா மட்டும் என்னவாம், நாளெல்லாம் அதைத்தான் செய்தாள், குருவிகளிடமும் கோழிகளிடமும்.

ஆள்காட்டி என்று ஒரு குருவிக்குப் பேர் வைத்திருக்கிறோம் பாருங்கள். ஏரிக்கரையில், அறுப்பு முடிந்த கழனியில் நீளமான மஞ்சள் காலோடு நடந்துகொண்டிருக்கும், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதை. நிறத்தை வைத்தோ காலை வைத்தோ பேர் வைத்திருக்கலாம். நம் ஆட்கள் அது என்ன சேதி சொல்கிறது என்பதை வைத்துப் பேர் வைத்தார்கள். மல்லாக்கொட்டை விளைகிற காலத்தில் தாத்தா ராத்திரி கொல்லையில்தான் படுப்பார், காட்டுப்பன்றி வந்து தோண்டிவிடும் என்று. நாய் குரைப்பதற்கு முன்னாடியே ஏரிப் பக்கமிருந்து ஆள்காட்டி கத்த ஆரம்பித்துவிடும். தாத்தா உடனே டார்ச் அடிக்க மாட்டார். எழுந்து உட்கார்ந்து, பீடியைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கத்தல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்பார். கரையோடு போய்விட்டால் யாரோ ஆள், மீன் பிடிக்க வந்தவன். நம் கொல்லையைப் பார்த்து நகர்ந்தால் தகர டப்பாவைத் தட்ட வேண்டியதுதான். வெறும் தரையில் கல்லோடு கல்லாக முட்டை வைக்கிற பறவை அது, எது பக்கத்தில் வந்தாலும் கத்தும். தாத்தாவின் மல்லாக்கொட்டையைப் பற்றி அதற்கென்ன கவலை.

சரி, கோழிக்கு வருகிறேன். கோழிக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு நாள் முழுக்கக் கோழியோடு உட்கார்ந்ததில்லை. 2020 ஊரடங்கில் நான் மூன்று மாதம் ஊரில் கிடந்தேன். அம்மாவிடம் ஏழெட்டுக் கோழி, ஒரு சேவல். வேறு போக்கில்லாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிற அளவுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது. வானத்தில் பருந்து வட்டமிட்டால் சேவல் போடுவது நமக்குப் பழக்கமான கொக்கரிப்பே இல்லை. தொண்டைக்குள்ளேயே மெல்லிசாக, 'ஈர்ர்ர்' என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. கோழிகள் அப்படியே பம்மிவிடும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்க்கும். அதுவே கீரியோ பூனையோ வந்தால் கொக்கொக்கொக்கொக்கேக் என்று தெருவையே கூட்டிவிடும், கோழிகள் கழுத்தை நிமிர்த்திச் சுற்றுமுற்றும் பார்க்கும். இரண்டுக்கும் இரண்டு சத்தம், இரண்டு வேலை.

நானென்னவோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தேன், அப்புறம் தேடிப் பார்த்தால் பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை எப்போதோ பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். பருந்தும் இல்லாமல் கீரியும் இல்லாமல், பதிவு செய்த குரலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். வானக் குரலுக்குக் கோழிகள் பம்மின, தரைக் குரலுக்கு நிமிர்ந்தன. ஆக, குரலிலேயே சேதி இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது அந்த மெல்லிசான இழுப்புக்கு அவர்கள் சொல்லும் காரணம். திடீரென்று ஆரம்பிக்காமல், ஒரே சுருதியில் இழுத்து, தேய்ந்து முடிகிற சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மேலே சுற்றுகிற பருந்துக்கும் காது உண்டே. தன் ஆட்களுக்கு மட்டும் கேட்கணும், ஒட்டுக்கேட்கிறவனுக்கு இடம் தெரியக் கூடாது, அதற்கேற்ற குரல். கீரி விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை, 'உன்னைப் பார்த்தாச்சு, நடையைக் கட்டு' என்று அதற்கே கேட்கட்டும் என்றுதான் அந்தக் கூப்பாடு. இன்னொன்றும் கண்டார்கள். தனியாக இருக்கிற சேவல் பருந்தைப் பார்த்தால் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை, பம்மிக்கொள்வதோடு சரி. பக்கத்தில் கோழி இருந்தால்தான் குரல். யார் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் பேசுகிறது.

பொய்யும் பேசுகிறது. புழுவோ அரிசிக்குருணையோ கண்டால் சேவல் அதை அலகால் எடுத்து எடுத்துக் கீழே போட்டு டக் டக் டக் என்று கூப்பிடும், கோழி ஓடிவந்து தின்னும். சில சமயம் தரையில் ஒன்றுமே இருக்காது. அதே கூப்பாடு, அதே எடுத்துப்போடுகிற பாவனை, வெறும் குச்சி. கோழி நம்பி வந்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரியும். இதையும் ஆய்வில் உறுதி செய்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். "இத்த கண்டுபுடிக்க வெள்ளக்காரன் வரணுமா, எல்லா வூட்லயும் கீறதுதானே" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அடை வைத்து இருபதாம் நாள் அம்மா ஒரு காரியம் செய்வாள். கோழி தண்ணி குடிக்க இறங்குகிற நேரம் பார்த்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைப்பாள், என்னிடமும் கொடுப்பாள். வெதுவெதுப்பாக, உள்ளே ஏதோ கீறுகிற மாதிரி ஒரு சத்தம், நடுவில் ரொம்ப தூரத்திலிருந்து வருகிற மாதிரி கீச் என்று ஒன்று. ஓடு இன்னும் முழுசாகத்தான் இருக்கும். அடைகோழி திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடித்தொண்டையில் கொர் கொர் என்று பதில் சொல்லும், முட்டைக்குள் இருப்பது அடங்கும். பொரிக்கிறதுக்கு முன்னாலேயே தாயும் பிள்ளையும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். காடை முட்டைகள் விஷயம் இன்னும் விசேஷம், பக்கத்து முட்டையிலிருந்து வருகிற டிக் டிக் சத்தத்தைக் கேட்டுத் தங்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. ஓட்டுக்குள் இருந்தபடியே ஒட்டுக்கேட்கிறது!

இந்த விஷயத்தில் புகழ்பெற்ற உதாரணம் ஆப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள். கென்யாவின் அம்போசெலியில் செய்த ஆய்வு, 1980இல் வெளியானது. சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். முதலாவது கேட்டால் மரம் ஏறும், இரண்டாவதற்கு மேலே பார்த்துப் புதருக்குள் ஓடும், மூன்றாவதற்கு இரண்டு காலில் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். குட்டிகள் தப்புத் தப்பாகச் சொல்லும், உதிர்கிற இலைக்கெல்லாம் கழுகுக் குரல் கொடுக்கும். பெரியவர்கள் ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட நம் ஊர்க் குரங்குகள்மேல் செய்த ஆய்வுதான் பிடிக்கும். வள்ளிமலைப் படியில் நம் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்குகிறதே, அதே நாட்டுக்குரங்கு. தென்னிந்தியக் காட்டில் அவற்றுக்குக் கடமானும் லங்கூர் என்கிற இன்னொரு வகைக் குரங்கும் போடுகிற எச்சரிக்கைக் குரலைப் போட்டுக் காட்டினார்கள். தன் இனத்துக் குரல் இல்லை, தனக்குச் சொன்னதும் இல்லை, ஆனாலும் புரிந்துகொண்டு ஓடின. காட்டில் இருக்கிற எல்லோருக்கும் இரண்டு மூன்று அந்நிய பாஷை தெரியும் போல, பேச வராது, கேட்டால் விளங்கும். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து ஆந்திரா பார்டருக்குப் பெண் கொடுத்த எங்கள் வீடுகளில் தெலுங்கு இருக்கிற மாதிரி.

வள்ளிமலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய வள்ளியின் ஊர் என்பார்கள் அதை. அந்த மாதிரி ஒரு புனம் நற்றிணைப் பாட்டு ஒன்றில் வருகிறது. தினை மேய வருகிற பன்றி, புனத்துக்குள் நுழைகிற சந்தில் தலையை விடும்போது பக்கத்தில் பல்லி சொல்கிறது. சகுனம் சரியில்லை என்று பன்றி மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் குகைக்கே திரும்பிவிடுகிறது. நமக்குப் பல்லி சொன்னால் பலன் பார்ப்போம், பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே உண்டு. அந்தப் புலவர் பன்றியையே பலன் பார்க்க வைத்திருக்கிறார். உண்மையில் பல்லி சொல்வது இன்னொரு பல்லிக்கு. இது என் சுவர், இந்தப் பக்கம் வராதே, பெண்ணாக இருந்தால் வரலாம், அவ்வளவுதான் சேதி. அதை ஒட்டுக்கேட்டுக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

ஒட்டுக்கேட்பதால் சாகிறதும் உண்டு. முதல் மழை பெய்த ராத்திரி ஏரியில் தவளைகள் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள், எல்லாம் ஆண், பெண்ணைக் கூப்பிடுகிறது. பனாமாவில் துங்காரா என்று ஒரு சின்னத் தவளை, முதலில் ஒரு இழுப்பு, அப்புறம் முடிவில் 'சக்' என்று ஒரு ஒட்டு. ஒட்டுப் போட்டுக் கத்தினால் பெண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும். வௌவாலுக்கும் ரொம்பப் பிடிக்கும். தவளை தின்னும் வௌவால் ஒன்று அந்தச் சத்தத்தைக் கேட்டே வந்து தூக்கிக்கொண்டு போகிறது என்று 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள். பாடினால் உயிருக்கு ஆபத்து, பாடாவிட்டால் வம்சம் இல்லை. ஹவாய்த் தீவு ஒன்றில் இந்தக் கஷ்டத்துக்குச் சுவர்க்கோழிகள் ஒரு வழி கண்டன. அங்கே ஒரு ஈ சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டு வந்து அதன்மேல் புழுக்களை விட்டுவிடும், புழு உள்ளே போய்த் தின்றுவிடும். இருபது தலைமுறைக்குள் அந்தத் தீவின் ஆண் சுவர்க்கோழிகளில் பெரும்பாலானவற்றுக்கு இறக்கையில் பாடுகிற அமைப்பே இல்லாமல் போய்விட்டது. ஊமைகளாகிவிட்டன. மிச்சமிருக்கிற ஒன்றிரண்டு பாடகர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, பாட்டைக் கேட்டு வருகிற பெண்ணை மடக்குகின்றன. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

மாட்டு முதுகில் உட்கார்ந்து வருகிறதே ரெட்டைவால் குருவி, கரிச்சான், அதன் உறவுக்காரப் பறவை ஒன்று கலகாரிப் பாலைவனத்தில் இருக்கிறது. அது மீர்கேட் என்னும் கீரி வகைப் பிராணியின் எச்சரிக்கைக் குரலை அப்படியே போலி பண்ணிக் கத்தும். மீர்கேட் பயந்து இரையைப் போட்டுவிட்டு ஓடும், குருவி எடுத்துக்கொள்ளும். ஒரே குரலில் திரும்பத் திரும்ப ஏமாற்றினால் நம்ப மாட்டார்கள் என்று வேறு வேறு குரலாக மாற்றியும் கத்துகிறதாம்.

இப்போது பொய்கைக்கு வாருங்கள். வேலூர் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை கூடுகிற மாட்டுச் சந்தை. ஒரு வருஷம் அப்பாவோடு நானும் போனேன், செவலை போட்ட காளைக்கன்றை விற்க. பால் குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சந்தையில் விலை பேசுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டார். துண்டுக்குள்ளே கையைப் பிடித்து, எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படி அழுத்துகிறார் என்பதுதான் கணக்கு. வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது, வெற்றிலை மென்றுகொண்டு வேறெங்கோ பார்ப்பார். அப்பா ஒருமுறை தலையை ஆட்டினார், கையை உருவப் பார்த்தார், தரகர் விடவில்லை, மறுபடி ஏதோ அழுத்தினார். சுற்றிலும் பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒருத்தருக்கும் விலை தெரியாது, பக்கத்திலேயே நின்ற எனக்கே தெரியாது. சேவல் பருந்துக்கு மறைத்துச் சொல்கிற அதே வேலை.

கன்றை விற்றுவிட்டு வந்த ராத்திரி செவலை கத்த ஆரம்பித்தது. கன்று பக்கத்தில் இருக்கும்போது பசு வாயைத் திறக்காமலே 'ம்ம்' என்று அடக்கமாக ஒன்று சொல்லும், கன்றை நக்கிக்கொண்டே சொல்லும். இது அந்தக் குரல் இல்லை. வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி, சுருதி ஏறிக்கொண்டே போகிற கத்தல், ஒன்று முடிந்ததும் காதை முன்னால் மடித்துப் பதிலுக்குக் காத்திருக்கும், பதில் வராது, மறுபடி. இங்கிலாந்தில் பசுக்களின் குரலைப் பதிவு செய்து பார்த்தவர்களும் பக்கத்தில் இருக்கிற கன்றுக்கு அடங்கிய குரல், பிரிந்த கன்றுக்கு உயர்ந்த குரல் என்று இந்த இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள், ஒவ்வொரு பசுவின் குரலும் தனித்தனி என்றும். மூன்று ராத்திரி அது நிறுத்தவில்லை. அப்பா தவிடு கலந்த தண்ணி வைத்தார், வெல்லம் கொடுத்தார், மூன்றாம் ராத்திரி கயிற்றுக்கட்டிலை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டாயிலேயே படுத்தார். காலையில் பால் வாங்க வந்த பக்கத்துத் தெருப் பெரியம்மா கேட்டாள்: "கன்னுக்குட்டிய வித்துட்டீங்களா? ராத்திரியெல்லாம் சொல்லிகினே கீதே." துண்டுக்குள் மறைத்து விற்றது, செவலை ஊருக்கே சொல்லிவிட்டது.

தேனீயின் நடனத்தைப் பற்றி எழுதாமல் இந்த மாதிரிக் கட்டுரை முடியாது என்று தெரியும். கார்ல் வான் ஃபிரிஷ், 1973 நோபல் பரிசு, இருட்டுக் கூட்டுக்குள் செங்குத்தான அடையில் எட்டுப் போட்டு ஆடுவது, ஆட்டத்தின் சாய்வு சூரியனிலிருந்து எத்தனை கோணம் என்று காட்டுவது, எவ்வளவு நேரம் ஆடுகிறது என்பது தூரம் என்று எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். எங்கள் வேலியில் நொச்சிக் கிளையில் கொம்புத்தேனீ அடை ஒன்று இருந்தது, உள்ளங்கை அகலம்தான். அது திறந்தவெளியில் கட்டுகிற தேனீ. அடையின் மேல்பாகம் கிளையைச் சுற்றித் தட்டையாக இருக்கும், அதன்மேல் ஏறி நின்று பூ இருக்கிற திசையை நேராகவே காட்டி ஆடும், கணக்கெல்லாம் இல்லை, கையை நீட்டி 'அதோ' என்கிற மாதிரி. என் மகளும் நானும் அரை மணி நேரம் பார்த்தோம். "அப்பா, இது புளியமரத்த காட்டுது" என்றாள். போய்ப் பார்த்தோம், புளியமரம் பூத்திருந்தது. ஒருநாள் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், ஆனால் அவள் அதற்கப்புறம் என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள்.

எறும்பு வேறு ஜாதி. அதற்கு எல்லாம் வாசனைதான். எறும்பு வரிசையில் விரலால் குறுக்கே ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள், அந்த இடத்தில் வந்து எல்லாம் முட்டி நிற்கும், மீசையை ஆட்டித் தேடும், ஒன்று துணிந்து கடந்ததும் பின்னால் வரும். எட்வர்ட் வில்சன் 1950களின் கடைசியில் ஒரு வேடிக்கை செய்தார். செத்த எறும்பிலிருந்து வரும் ஒலியிக் அமிலத்தை உயிருள்ள எறும்பின்மேல் தொட்டுவைத்தார். மற்ற எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டன. அது காலை உதைக்கிறது, நடந்து திரும்பி வருகிறது, மறுபடி தூக்கிக்கொண்டு போகிறார்கள். உடம்பைத் துடைத்து வாசனை போன பிறகுதான் உயிரோடு இருப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஒரு வருஷம் பென்ஷன் நின்றுபோனபோது நான் அவரைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். உயிர்ச் சான்று கணினியில் ஏறவில்லை, அதனால் ஆள் இல்லை என்று காட்டுகிறது என்றார்கள். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், இருமிக்கொண்டு. எறும்பு ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன், அவர் முறைத்தார்.

அம்மாவாலும் ஒட்டுக்கேட்க முடியாத பேச்சும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய ஊர்களில் யானை வரும். என் பெரியப்பா மகன் மோர்தானா அணைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ஒரு ராத்திரி பரண்மேல் இருந்தபோது நடந்ததை அண்ணன் சொன்னார்: இரண்டு யானை தோப்பில் கிளையை ஒடித்துக்கொண்டிருந்தது, திடீரென்று இரண்டும் ஒரே நேரத்தில் நின்றது, காதை விரித்தது, ஒரு சத்தமும் இல்லை, அப்புறம் இரண்டும் மலையைப் பார்த்து நடந்துவிட்டது. "யாரோ கூப்ட்ட மாதிரிதான் போச்சு. எனக்கு நெஞ்சுக்கூட்டுல லேசா அதிர்ந்த மாதிரி இருந்துச்சு, பயத்துல கூட இருக்கலாம்" என்றார். பயமாகவும் இருக்கலாம்தான். ஆனால் 1984இல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகர விலங்குக்காட்சிசாலையில் யானைக் கூண்டருகே நின்ற கேட்டி பெய்ன் என்பவர் அதே மாதிரி ஒரு அதிர்வைத்தான் உணர்ந்தார். சின்ன வயசில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பாடியபோது உடம்பில் பட்ட அதிர்வு ஞாபகம் வந்தது அவருக்கு. பதிவு செய்து நாடாவை வேகமாக ஓட்டிப் பார்த்ததில் யானைகள் பேசுவது கேட்டது. நம் காது 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது, அவை அதற்கும் கீழே பேசிக்கொள்கின்றன, அந்தச் சத்தம் பல கிலோமீட்டர் போகிறது.

நம்மைப் பார்த்து அவை ஒட்டுக்கேட்பதற்கு எனக்குப் பிடித்த கதை ஹான்ஸ் குதிரை. நூறு வருஷத்துக்கு முன் பெர்லினில் கூட்டல் கழித்தல் போட்ட குதிரை. கேள்வி கேட்டால் குளம்பால் விடையைத் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் குட்டை உடைத்தார். கேட்கிறவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்டவர் தன்னை அறியாமல் தலையை ஒரு நூலளவு உயர்த்துவார், அதைப் பார்த்துத்தான் குதிரை நிறுத்தியது. உடனே எல்லோரும் பித்தலாட்டம் என்றார்கள். எனக்கு அது கணக்குப் போட்டிருந்தால்கூட இவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது. நம் தெருவில் பூம்பூம் மாட்டுக்காரர் 'பையன் பாஸாவானா' என்று கேட்டதும் மாடு தலையாட்டுமே, அந்த மாடும் உறுமி இழுக்கிற கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த வருஷம் பாஸாகவில்லை, அது வேறு விஷயம்.

நாய்க்கு எங்கள் ஜில்லாவில் கல்லே நட்டிருக்கிறார்கள். பழைய வட ஆர்க்காடு, இப்போது திருவண்ணாமலை மாவட்டம், எடுத்தனூர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல், ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது, பேர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இப்போது சத்துவாச்சாரியில் நாங்கள் இருக்கிற தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நாய் ஆரம்பித்தால் அது தெருத் தெருவாகக் கைமாறி ஹைவே வரைக்கும் போகும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் மத்தியானம் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். மாத்திரை போட்டியா, மழை வந்ததா என்று பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் தவிட்டுக்குருவிகள் கத்துவது கேட்டது, விடாமல், எல்லாம் சேர்ந்து. இத்தனை படித்த எனக்கு ஒரு குஷி. "அம்மா, வெறகுப் பக்கம் போவாத, பாம்பு இருக்குது" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. கேட்கிறாள் என்று புரிந்தது.

"அட போடா, அது பூன. பாம்புக்கு இப்பிடி கத்தாது" என்றாள். "சரி வை, மீன வெளிய வெச்சிகீறேன்."